கெட்டுப்போன கேசட்

அன்று வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர். அம்மா, அம்மாவின் தம்பியான மேலத்தெரு மாமா, சாயங்காலம் துபாய்க்குப் புறப்படுவதற்காகப் பெட்டி கட்டி வைத்துவிட்டு வந்திருந்த அடுத்த தெரு பஷீர் அண்ணன். இல்லாதவர்கள் இரண்டு பேர். நான் பட்டுக்கோட்டையில் கல்லூரியில் இருந்தேன். அண்ணி தன் விசாவை நீட்டிப்பது பற்றிக் கேட்கத் தஞ்சாவூர் போயிருந்தார். எங்கள் இருவரில் ஒருவர் வீட்டில் இருந்திருந்தாலும் அது நடந்திருக்காது.

துபாயில் இருந்த என் அண்ணனுக்குப் பேசி அனுப்ப ஒரு கேசட் வேண்டியிருந்தது. அப்போது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். எழுதத் தெரியாத தாய்மார்கள் டேப் ரிக்கார்டருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து மனம் விட்டுப் பேசுவார்கள். ஊருக்கு வந்து திரும்புகிற யாராவது ஊறுகாயோடும் முறுக்கோடும் அந்தக் கேசட்டையும் எடுத்துப் போவார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். நான் எழுதித் தருகிறேன் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். "எழுத்துல எங் கொரலு கேக்குமாடா?" என்பார் அம்மா.

அன்று வெற்றுக் கேசட் இல்லை. கடையடைப்பு என்று பேராவூரணிக் கடைத்தெரு மூடிக் கிடந்தது. வீட்டில் இருந்தவை மூன்றே கேசட்டுகள். ஒன்றில் சாமி பாட்டு. அதன்மேல் பேசுவது பாவம். ஒன்றில் மாமாவுக்குப் பிடித்த பழைய சினிமாப் பாட்டு. அதைத் தொட மாமா விடமாட்டார். மூன்றாவது அண்ணியுடையது.

"இதுல பேசிருவோம்டா. இது கெட்டுப்போன கேசட்டு" என்று அம்மா சொல்லியிருக்கிறார். "எப்பப் போட்டாலும் கொரகொரன்னு எரைச்சல்தான். வேற வாங்க வழியில்லாம அதையே போட்டுக் கேட்டுக்கிட்டு இருக்கு அந்தப் புள்ள. பாவம்."

அம்மா கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே பத்து மாதமாக அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். மாமா கேசட்டின் தலையிலிருந்த சிறு ஓட்டைகளில் காகிதத்தைச் சுருட்டி அடைத்தார். அடைத்தால்தான் பதியும். ரிக்கார்டரின் சிவப்புப் பொத்தானை அழுத்தினார்கள்.

அண்ணி மலேசியாக்காரர். அவருடைய தாத்தா எங்கள் ஊரிலிருந்து ரப்பர்த் தோட்டத்தில் கித்தா மரம் சீவப் போனவர். என் அண்ணன் பினாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தபோது உறவு கண்டுபிடித்துப் பேசி முடித்த கல்யாணம் அது. கல்யாணம் ஆன கொஞ்ச நாளில் அண்ணனுக்கு அங்கே பெர்மிட் முடிந்தது. அண்ணியைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் விட்டுவிட்டுத் துபாய்க்குப் போய்விட்டார். கட்டட வேலை. மனைவியை அழைத்துக்கொள்ளும் சம்பளம் இல்லை.

காலையில் என்னைப் பார்த்தால் அண்ணி, "பசியாறிட்டீங்களா தம்பி?" என்று கேட்பார். ரோட்டைச் சடக்கு என்பார். திட்டுவதற்கு ஏசுவது என்பார். பேச்சின் முடிவில் ஒரு 'லா' சேர்ப்பார். தெருப் பெண்கள் தண்ணீர்க் குழாயடியில் அவரைப் பேசவைத்துக் கேட்பார்கள். "இன்னொரு தரம் சொல்லு புள்ள, இன்னொரு தரம் சொல்லு" என்று சிரிப்பார்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். இன்னொரு தரம் சொல்வார்.

எதையும் இன்னொரு தரம் என்பதுதான் அவருடைய குணமே. எந்தச் சத்தத்தையும் மூன்று முறை கேட்காமல் நல்லது கெட்டது சொல்லக் கூடாது என்பார். அம்மா கோபத்தில் கத்தினால் கொல்லைப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பார். ஒருநாள் என்னிடம் மெல்லச் சொன்னார்: "அத்த ஏசுறப்ப மொதல்ல மேல போவாங்க. அப்பொறம் எறங்குறப்ப அழுக வந்துரும். கவனிச்சிருக்கீங்களா?" பத்தொன்பது வருடம் அந்த ஏச்சைக் கேட்டு வளர்ந்த நான் கவனித்திருக்கவில்லை. அடுத்த முறை கவனித்தேன். அது அழுகைதான்.

அந்தக் கேசட்டை அவர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுவார். தென்னந்தோப்பில் காற்று அசையாமல் நிற்கும் நேரம். ஓட்டுக் கூரையின் கண்ணாடி வழியாக ஒரு வெளிச்சத் தூண் இறங்கித் தரையில் நகர்ந்துகொண்டிருக்கும். ஜன்னலோரத்தில் டூ-இன்-ஒன் டேப் ரிக்கார்டர். சத்தத்தைக் குறைத்துவைத்து, சுவரில் தலை சாய்த்து, கண்ணை மூடிக்கொள்வார். பாதத்தின் முன்பகுதி மட்டும் தரையில் மாறி மாறித் தட்டும், தூக்கத்தில் நடக்கிறவரைப் போல.

முதன்முறை நான் கேட்டபோது அம்மா கேட்டதைத்தான் கேட்டேன். தகரக் கூரைமேல் யாரோ ஜல்லி கொட்டினார்கள். கொட்டிக்கொண்டே உறுமினார்கள்.

"என்ன அண்ணி இது?"

"ராக் மியூசிக்ல ஒரு வக, டெத் மெட்டல். அதுலயும் இது டெக்னிக்கல், மெலடிக், ரெண்டும் சேந்தது."

"மெலடியா? எங்க?"

"மொதல்ல கேட்டா எல்லாம் சத்தந்தான் லா. இன்னும் ரெண்டு வாட்டி கேட்டுட்டு அப்பொறம் ஏசுங்க."

நான் எதையும் பரீட்சைக்குப் படிப்பதுபோல் எடுத்துக்கொள்கிறவன். கேசட் அட்டையில் எறும்பு எழுத்தில் பாட்டு வரிகள் இருந்தன. அகராதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாத்தான், ரத்தம் என்று இருக்கும் என எதிர்பார்த்தேன். செத்துப்போன ஒரு நண்பனைப் பற்றியும், நட்சத்திரங்கள் அணைந்துபோவதைப் பற்றியும், தன் மனதையே தான் நம்ப முடியாத ஒருவனைப் பற்றியும் இருந்தது. தமிழில் எழுதி அண்ணியிடம் நீட்டினேன். படித்தார். "நல்லாருக்கு தம்பி. இவ்வளவு நாளா எனக்கு இது தெரியாது. நான் வார்த்தைய கேக்கறதே இல்ல" என்றார்.

எனக்கு அந்த இசை திறந்தது வாய்க்கால் மதகில். எங்கள் ஊர் கடைமடை. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் எல்லா ஊருக்கும் பாய்ந்து முடித்து எங்களிடம் வரும்போது பயிருக்குப் பாதி, பேச்சுக்குப் பாதி என்றுதான் இருக்கும். அந்த வருடம் ஒருநாள் நிறையவே வந்தது. மதகுக் கட்டையில் உட்கார்ந்திருந்தேன். முதலில் ஒரே இரைச்சல். இருட்டறைக்குள் போனவனுக்குக் கண் பழகுவதுபோலக் காது பழகியது. பலகை இடுக்கில் சீறும் தண்ணீர் தனியாக, கீழே கல்லில் விழுவது தனியாக, சுழியில் குமிழிவிட்டுத் திரும்புவது தனியாகக் கேட்டது. எல்லாவற்றுக்கும் அடியில் நிற்காமல் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஓடிவந்து, "அண்ணி, போடுங்க அதை" என்றேன்.

இரண்டு கிடார்கள் இருந்தன. ஒன்று கணக்குப் போட்டது. ஒன்று அழுதது. கணக்குப் போடுகிறது ஏழு எண்ணிக்கையில் போய்க்கொண்டிருக்கும்போதே அழுகிறது நீளமாக ஒரு ராகத்தை இழுத்து அதன்மேல் போர்த்தியது. இரண்டும் ஓரிடத்தில் சந்தித்துச் சேர்ந்தே மேலேறின. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அண்ணி கண்ணைத் திறக்காமலே சிரித்தார். "வந்துட்டீங்களா?" என்றார்.

அட்டையின் உள்பக்கத்தில் பனிக்காட்டில் நிற்கிற நான்கு பேரின் படம் இருந்தது. இடுப்புவரை முடி. அவர்கள் பெயர் எதுவும் என் நாக்கில் நிற்காது. அண்ணி அவர்களுக்கு வீட்டுப் பெயர் வைத்திருந்தார். மூக்குக் கண்ணாடி போட்டவர் கணக்கு வாத்தியார். தாடிக்காரர் அழுமூஞ்சி. ஓரத்தில் பாதி முகம் மட்டும் தெரிகிற பேஸ் கிடார்க்காரர் ஊமை. "இவர இல்லாம பாட்டு நிக்காது. ஆனா இவர யாரும் கேக்கறதில்ல" என்று அவருக்காக மட்டும் ஒருமுறை முழுக் கேசட்டையும் கேட்கவைத்தார். டிரம்ஸ் அடிக்கிறவர் பெயர் தம்பி. அந்த ஆல்பம் பதிந்தபோது அவருக்கு என் வயதாம். "நாலாவது பாட்டுல பாருங்க, அவசரப்படுறான். முடிக்கிறதுக்குள்ள எங்கயோ போகணும் அவனுக்கு" என்று சொந்தத் தம்பியை ஏசுவதுபோல் ஏசுவார்.

உறுமுகிறவர் யார் என்று கேட்டேன்.

"அழுமூஞ்சிதான். கிடார்ல அழுறதும் அவருதான், தொண்டையில உறுமுறதும் அவருதான்."

"ஒரே ஆளா?"

"அழுது முடிச்ச தொண்ட அப்படித்தான தம்பி இருக்கும்?"

அம்மா அந்தப் படத்தை ஒருநாள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுல ஒங் கூடப்பொறந்தவன் யாரும்மா?" என்று கேட்டார். யாருமில்லை என்றதும், "எண்ண வச்சுச் சீவிவிட்டா நல்லாத்தான் இருப்பானுவ" என்று திருப்பிக் கொடுத்தார்.

அண்ணி நடவை முதன்முதலில் பார்த்தது எங்கள் வயலில். வரப்பில் குடையோடு நின்றார். பெண்கள் வரிசையாகக் குனிந்து பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார்கள். "பாருங்க, பாருங்க, கையி ஒரு வேகம், காலு ஒரு வேகம். தம்பி மாதிரியே அடிக்கிறாங்க" என்றார். எந்தத் தம்பி என்று தெரியாமல் நடவுக்காரப் பெண் ஒருத்தி என்னைப் பார்த்தாள்.

அவர் காது எல்லா இடத்திலும் பலித்துவிடவில்லை. மாமாவின் ஆயில் எஞ்சின் ஓடுவதைக் கேட்டு, ஒரு அடி தவறுகிறது, உள்ளே ஏதோ கோளாறு என்று சாதித்தார். மாமா பயந்துபோய் மெக்கானிக்கைக் கூட்டிவந்தார். எஞ்சினைப் பிரித்துச் சாக்கில் பரப்பினார்கள். பாதி நாள் தண்ணீர் பாயவில்லை. ஒரு குறையும் இல்லை. "ஒன் அண்ணி காத மொதல்ல பிரிச்சுப் பாக்கச் சொல்லு" என்றார் மாமா. அண்ணி சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, "ரெண்டு வாட்டிதான் லா கேட்டேன். அவசரப்பட்டுட்டேன்" என்றார்.

ஏன் இந்த மூன்று முறைப் பிடிவாதம் என்று கேட்டதற்கு அவர் சொன்னது இது. பினாங்கில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது பக்கத்து நாற்காலி மலாய்ப் பெண்தான் இந்தக் கேசட்டை அறிமுகம் செய்தாள். மேற்பார்வையாளர் இல்லாத நேரத்தில் முக்காட்டுக்குள்ளிருந்து இயர்போனின் ஒரு பக்கத்தை எடுத்து நீட்டுவாள். ஒரு காது அவளுக்கு, ஒரு காது இவருக்கு. ஆறு மாதம் அப்படிக் கேட்டார்கள். பிறகு சம்பளத்தில் சொந்தமாக வாக்மேனும் அதே கேசட்டும் வாங்கி, இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தபோதுதான் தெரிந்தது. இன்னொரு கிடார் இருந்திருக்கிறது. அவருக்கு வந்த பக்கத்தில் கணக்கு வாத்தியார் மட்டும்தான் கேட்டிருக்கிறார்.

"சடக்கு ஓரத்துலயே ஒக்காந்துட்டேன். ஆறு மாசமா பாதி பாட்டத்தான் முழுசுன்னு நெனச்சிருக்கேன். அந்தப் பொண்ணுக்கு அழுமூஞ்சி மட்டும். அதான் அவ எப்பவும் அழுதுகிட்டே கேட்டா போல."

அந்தக் குழு பிறகு பிரிந்துவிட்டதாம். அந்தக் கேசட் கடைகளில் வருவதில்லை. அதனால் அதை அவர் கையோடு கொண்டுவந்திருந்தார். கல்யாணப் புடவை மடிப்புக்குள் வைத்து.

என் அண்ணன் அதை ஒருமுறைகூட முழுதாகக் கேட்டதில்லை. கல்யாணமான புதிதில் அண்ணி போட்டுக்காட்டினாராம். பாதிப் பாட்டில் அண்ணன் நிறுத்திவிட்டு, "தலவலிக்குது. வேற ஏதாச்சும் போடேன்" என்றாராம். அதை அண்ணி குறையாகச் சொல்லவில்லை. "அவருக்குக் கேக்க நேரமில்ல" என்றார். துபாயிலிருந்து போன் வந்தாலும் கடன், ஆள் கூலி, அம்மாவின் மூட்டுவலி என்று முடிந்துவிடும். கடைசியில் "நீ நல்லாருக்கியா?" என்பார். "நல்லாருக்கேன்" என்பார் அண்ணி. அதற்குள் கார்டு தீர்ந்திருக்கும்.

அண்ணி வந்து ஒரு வருடம் முடியப்போகும் சமயத்தில் அவருடைய அப்பா பினாங்கிலிருந்து விமான டிக்கெட் அனுப்பிவிட்டார். மாதக் கடைசிக்கு. விசாவும் அதே மாதம் முடிகிறது. நீட்டித்துக்கொண்டு எங்களோடு இருப்பதா, டிக்கெட்டை எடுத்துக்கொண்டு போவதா என்பதை அண்ணி யாரிடமும் பேசவில்லை. போனால் திரும்ப மாட்டார் என்று மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தஞ்சாவூர் போய் விசாரித்துவிட்டு வருகிறேன் என்று அவர் கிளம்பியபோது அம்மா அடுப்படியில் நின்று அழுதார். இருப்பதற்காகத்தான் விசாரிக்கப் போகிறார் என்ற சந்தோஷம்.

அவர் திரும்பி வந்தபோது பஷீர் அண்ணனின் பஸ் போயிருந்தது.

நானும் அப்போதுதான் வந்து சைக்கிளைச் சாத்திக்கொண்டிருந்தேன். "போட்டோ எடுத்துக்கிட்டு வரச் சொன்னாங்க அத்த. மத்ததெல்லாம் சரியா இருக்காம்" என்றபடியே அண்ணி ஜன்னலோரம் போனார். கேசட் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே படம் மட்டும் இருந்தது, நான்கு பேரும் பனியில் நின்றபடி.

அம்மா பெருமையாகச் சொன்னார்: "அந்தக் கெட்டுப்போன கேசட்டுல பேசி அனுப்பிச்சிட்டேன்மா. ஒனக்கு ஒரு நல்ல கேசட்டா வாங்கி அனுப்புடான்னும் சொல்லியிருக்கேன்."

அண்ணி பெட்டியை மூடினார்.

"எந்தப் பக்கம் பேசுனீங்க அத்த?"

"மொதப் பக்கந்தான். ஏம்மா?"

"ஒண்ணுமில்ல" என்றார். கொல்லைக்குப் போய்க் கால் கழுவினார். வெகுநேரம் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

அம்மாவிடம் நான்தான் சொன்னேன். அது கெட்டுப்போகவில்லை, அதுதான் பாட்டு என்று. அம்மாவுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் ஏசினார், தன்னையே. மறுநாள் பேராவூரணி போய், தானாகத் தேர்ந்தெடுத்து ஒரு பக்திப் பாட்டுக் கேசட் வாங்கிவந்து அண்ணி கையில் கொடுத்தார். அண்ணி அதை மூன்று மத்தியானம் கேட்டார். "பாடுறவங்களுக்கு மூச்சு நல்லாருக்கு அத்த" என்றார். பிறகு அந்த ஜன்னலோரத்தில் அவர் உட்காரவில்லை.

போட்டோ எடுக்கவும் போகவில்லை. நாள் போய்க்கொண்டிருந்தது. கண்ணாடி வெளிச்சம் ஆளில்லாத இடத்தில் நகர்ந்து சுவரேறி மறைந்தது. அண்ணி பீரோவின் மேலிருந்த பயணப் பெட்டியை இறக்கித் தூசி தட்டி வெயிலில் வைத்திருந்தார். அம்மா அந்தப் பெட்டியைப் பார்க்காமல் நடந்தார்.

துபாயில் நடந்ததை அண்ணன் பிறகு லீவில் வந்தபோது எனக்குச் சொன்னார். கேசட் கைக்கு வந்த வெள்ளிக்கிழமை, விடுமுறை நாள், ரிக்கார்டரில் போட்டுவிட்டுத் துணி துவைக்க உட்கார்ந்திருக்கிறார். அம்மா பேசினார். கடைமடைக்குத் தண்ணீர் வந்தது, பசு கன்று போட்டது. மாமா "மாப்ள, நான் மாமா பேசுறேன்" என்று கத்தினார். மறுபடி அம்மா: "ஒம் பொண்டாட்டி கெட்டுப்போன கேசட்ட வச்சுக் கேட்டுக்கிட்டு இருக்காடா, பாவம். கேட்டா கொறையே சொல்ல மாட்டேங்குது. நல்லதா ஒண்ணு வாங்கி அனுப்பு." ஒரு 'டக்'. உடனே நடுப்பாட்டில் அந்த நான்கு பேரும் பாய்ந்து வந்தார்கள்.

கை முழுக்க சோப்பு. எழுந்துபோய் நிறுத்த முடியவில்லை. துவைத்து முடிக்கும்வரை ஓடியது.

அம்மாவின் குரலுக்காக அந்தக் கேசட்டை அவர் திரும்பத் திரும்பப் போட்டார். வெளிநாட்டில் இருப்பவர்கள் எல்லோரும் செய்வதுதான். ஒவ்வொரு முறையும் அம்மா முடித்த இடத்தில் அது தொடங்கியது. "எப்பன்னு தெரியலடா. ஒருநாள் வேலையில சாரத்து மேல நிக்கிறேன், வாயி தானா ஒரு ராகத்த முணுமுணுக்குது. என்னடான்னு பாத்தா அது" என்றார். அன்று இரண்டாம் பக்கத்தையும் திருப்பிப் போட்டிருக்கிறார். பக்கத்துக் கட்டில்காரர் பிலிப்பைன்ஸ் நாட்டு எலக்ட்ரீஷியன். சத்தம் கேட்டதும் துள்ளி எழுந்து அண்ணனைக் கட்டிக்கொண்டாராம். அவரிடமும் அதே ஆல்பம் இருந்தது. ஆனால் உயிரைக் கேட்டாலும் தருவேன், கேசட்டைத் தரமாட்டேன் என்கிற வகை ஆள். ஒரு வாரம் இரவல் தர ஒப்புக்கொண்டார். ஊருக்கு வரும் ஆளும் அப்போது யாருமில்லை. அண்ணியின் டிக்கெட் தேதி அண்ணனுக்குத் தெரியும்.

பேராவூரணி போன் பூத் பாய் என்னைக் கடைத்தெருவில் நிறுத்தினார். "தம்பி, ஒங்கண்ணன் பேசுனாரு. வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு அண்ணிய கூட்டிக்கிட்டு வரணுமாம். என்ன ஏதுன்னு சொல்லல."

அம்மாவும் கிளம்பினார். நிறுத்தப் போகிறான், போகாதே என்று சொல்லப் போகிறான், தானும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அண்ணி பஸ் ஜன்னலில் தென்னைகள் பின்னோக்கிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து பாய் அப்போதுதான் கடையைத் திறந்திருந்தார். மணி அடித்தது. அண்ணி எடுத்தார். "ம்" என்றார். அதன்பின் பேசவில்லை.

கண்ணை மூடிக்கொண்டார்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாங்கள் நின்றோம். முதலில் எனக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு அவர் பாதங்களைப் பார்த்தேன். முன்பகுதி மாறி மாறித் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. போனில் அடித்தொனி வராது. ஊமையும் வரமாட்டார், தம்பியின் கால் அடியும் வராது. வராததையெல்லாம் அவரே அடித்துக்கொண்டிருந்தார்.

அம்மா பொறுக்க முடியாமல் கதவைத் திறந்து கை நீட்டினார். "குடும்மா, எம் புள்ளகிட்ட ஒரு வார்த்த." அண்ணி உள்ளங்கையை உயர்த்தி, "இருங்க அத்த" என்றார். மாமியாரை அவர் தடுத்தது அந்த ஒருமுறைதான். அம்மா தடுக்கப்பட்ட அதிர்ச்சியில் அப்படியே நின்று, ரிசீவரின் பக்கம் காதைச் சாய்த்தார்.

பின்னால் காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். பாயும் எழுந்து வந்தார்.

"என்னம்மா பேச்சே காணோம்?" எட்டிக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். "லைன் கெட்டுப்போச்சு. கொரகொரங்குது. வச்சுட்டு மறுபடி போடச் சொல்லுங்க." கை போனின் கொக்கிக்கு நீண்டது.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா அந்தக் கையைப் பிடித்துவிட்டார்.

"லைனு நல்லாத்தான் இருக்கு பாய். அது பாட்டு."

"பாட்டா?"

"ஆமா. எம் மருமவளோட பாட்டு. மொதல்ல கேட்டா அப்படித்தான் இருக்கும். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்க."

பாய் கையை எடுத்துக்கொண்டார். வரிசையில் நின்றவர்களும் அடங்கிப்போனார்கள். வெள்ளிக்கிழமைப் பிற்பகல். கடைத்தெரு பாதி மூடியிருந்தது. வெயில் ரோட்டின்மேல் தண்ணீரைப்போல் அலைந்தது. அக்கரையில் ஒரு தகரக் கொட்டகையில் என் அண்ணன் ஸ்பீக்கருக்கு நேராகப் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரிந்தது. அம்மா பேசி அழித்த பக்கம் முழுவதும், ஒவ்வொரு கார்டாகத் தீரத் தீர மறுபடி மறுபடி மணி அடித்து, விட்ட இடத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

கடைசியில் அண்ணனின் குரல் வந்திருக்க வேண்டும். அண்ணி கண்ணைத் திறந்தார்.

"நாலாவதுல அவன் அவசரப்படுறான், கேட்டீங்களா?" என்றார்.

அந்தப் பக்கம் அண்ணன் ஏதோ சொன்னார். பிறகு பாடினார். அழுமூஞ்சியின் கிடார் வரியை என் அண்ணன் தன் கட்டைக் குரலில், கோயில் கும்மிப் பாட்டு மாதிரி இழுத்துப் பாடியது ரிசீவருக்கு வெளியே எனக்கே கேட்டது. முழுக்கத் தப்பு. அண்ணி சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, முகமெல்லாம் நனைந்து சிரித்தார்.

வெளியே வந்ததும் பஸ் நிறுத்தத்துக்குப் போகவில்லை. பக்கத்துக் கடை ஸ்டுடியோ. "அத்த, ஒரு நிமிஷம். போட்டோ எடுத்துட்டு வந்துர்றேன். திங்கக்கெழம தஞ்சாவூர் போகணும்" என்று உள்ளே போனார். அழுத கண்ணோடு எடுத்த அந்தப் படம்தான் விசாவில் ஒட்டியிருந்தது.

அதன்பின் இரண்டு வருடம் எங்களோடு இருந்தார். இப்போது அண்ணனும் அவரும் பினாங்கில் இருக்கிறார்கள். நான் சென்னையில் மின்சார ரயிலில் நெரிபட்டு வேலைக்குப் போகிறேன். அந்த ஆல்பம் என் காதிலும் ஓடுகிறது. பக்கத்தில் நிற்கிற யாராவது, என்ன சார் இது என்று முகம் சுளித்தால், அண்ணி மாதிரி பொறுமையாகப் பதில் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.

அந்தப் போன் வந்த மாதம் அண்ணன் அனுப்பிய பணம் குறைந்து வந்தது. மாமாதான் கேட்டார்.

"என்னக்கா, பய இவ்வளவுதான் அனுப்பியிருக்கான்? என்ன செலவாம் அவனுக்கு?"

அம்மா முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எம் மருமவ ஒரு பக்கம் பாட்டு கேட்டா."

"பாட்டு கேட்டதுக்கா? எவ்வளவு?"

பூத் பாய் வாங்கிக்கொண்டதையும் சேர்த்து ஆயிரத்து முந்நூற்று எண்பது ரூபாய்.